நீலப்பூவும் நிகண்டும்

செய்யுளில் வரும் பூக்களைப் பாடம் சொல்லும் ஆசிரியர் அப்பூக்களைத் தம் கண்ணாற் கண்டிருத்தல் வேண்டுமா? இவ்வினாவை இளமையில் எவரேனும் என்னிடம் வினவியிருப்பின், வேண்டியதில்லை என்றே விடை பகர்ந்திருப்பேன். உரை உண்டு, நிகண்டு உண்டு, பாடங்கேட்ட ஆசிரியரின் வாய்மொழி உண்டு. இம்மூன்றும் இருக்கப் பூவும் ஒன்று வேண்டுமோ என்பது அக்காலத்து என் எண்ணம். இன்று அங்ஙனம் விடை கூறும் துணிவு எனக்கில்லை. அத்துணிவை என்னிடமிருந்து பறித்தவள் என் வகுப்பிற் பயின்ற பெண்பிள்ளை ஒருத்தி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நெய்தற்றிணைப் பாடலொன்றை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். தலைவியின் கண்ணுக்கு நீலப்பூ உவமையாக வந்தது. உவமையின் நயத்தை ஒரு பாடவேளை முழுவதும் எடுத்துரைத்தேன். மறுநாட் காலையில் அப்பிள்ளை ஒரு செம்பில் நீர் நிறைத்து, அதில் ஆழ்ந்த ஊதா நிறமுடைய பூவொன்றை இட்டுக் கொணர்ந்தாள்.

“ஐயா, எங்கட வீட்டுத் தொட்டியில பூத்தது. நேற்றுச் சொன்ன நீலம் இதுதானே?”

“ஓம் மகள், இதுவேதான். நீலோற்பலம் என்பதும் இதற்கே பெயர்” என்றேன்.

அவள் மகிழ்ந்தாளில்லை. சற்றுத் தயங்கிப் பின், “அம்மப்பா இது நீலமில்லை எண்டு சொல்றார், ஐயா. குளத்தில பூக்கிறது இப்பிடிக் கறுத்த ஊதா இல்லையாம், வெளிறின நீலமாம்” என்றாள். முதியவர் நிறத்தை மறந்திருப்பார் என்று கூறி நான் பாடத்தைத் தொடர்ந்தேன். பிள்ளையும் அமர்ந்துவிட்டாள். ஆசிரியர் சொல்லுக்கு மேற்சொல் இல்லை என்று கருதும் நல்ல பிள்ளை அவள்.

அம்மப்பா கூறியதே உண்மை. நான் கூறியது பிழை. என் பிழையை நானே அறிந்துகொள்ள ஓராண்டுக்கு மேற் சென்றது. அப்பிழை என்னொருவனுக்கு மட்டும் உரியதாயின் அதனைப் பத்திரிகையில் எழுதவேண்டியதில்லை. நம்முள் பலர் நாடோறும் அதனைச் செய்துவருகின்றோம் என்னும் ஐயத்தினாலேயே இதனை எழுதுகின்றேன்.

முதலில் நம் நூல்களை நோக்குவோம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே தலைவியும் தோழியும் கொய்து குவித்த பூக்களின் நிரல் வருகின்றது. 99 பூக்கள் என்று அவற்றை எண்ணுவது மரபு. அந்நிரலில் ஆம்பல் தனியாக உண்டு. குவளை தனியாக உண்டு. தாமரை தனியாக உண்டு. நெய்தல் இரண்டிடங்களில் வெவ்வேறு அடைமொழி பெற்று வருகின்றது. நீரிற் பூக்கும் பூவெல்லாம் ஒன்றென்று அப்புலவர் கருதினாரல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஒன்றன்பின் ஒன்றாய்க் கொய்து பாறையிலே குவித்த கை, ஒவ்வொன்றையும் வேறுபிரித்து அறிந்த கை.

பின்வந்த நிகண்டுகள் வேறொரு பணியை மேற்கொண்டன. மனனஞ்செய்வதற்கு எளிதாக ஒருபொருட் பல்பெயர்களை ஓரிடத்தே தொகுத்தன. ஆம்பல், அல்லி, குமுதம் ஒருசார். குவளை, நீலம், காவி, உற்பலம் ஒருசார் என நாம் நெட்டுருச் செய்தோம். நிகண்டு செய்தார் மேல் நமக்குக் குறையில்லை. சொல்லுக்குச் சொல் தருவது அவர் கடன். சொல்லுக்குப் பொருள் காட்டுவது ஆசிரியர் கடன். முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதும் முடிந்ததென்று எண்ணியது நம் குறையேயாம். குவளை யாதெனின் நீலம். நீலம் யாதெனின் உற்பலம். உற்பலம் யாதெனின் குவளை. செக்கைச் சுற்றும் எருது போல மாணாக்கன் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கின்றான். பூ மட்டும் அவன் கண்ணிற் படவேயில்லை. இன்னுஞ் சிலவிடங்களில் ‘ஒருவகை நீர்ப்பூ’ என்று எழுதிக் கடந்துவிடுகின்றோம்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. நெய்தற்றிணை கடலும் கடல் சார்ந்த இடமும் என்று கற்ற பிள்ளைகள், நெய்தற்பூ கடலிலே பூக்கும் என விடைத்தாளில் எழுதுகின்றனர். வாவிக்கரையிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே அங்ஙனம் எழுதுகின்றனர் என்பதுதான் நகைப்புக்கும் வருத்தத்துக்கும் இடமானது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் மட்டக்களப்பு வாவியில், உவர்நீர் ஏறி இறங்கும் பகுதியில் நீர்ப்பூக்கள் வாழ்வதில்லை. நன்னீர் தேங்கும் குளங்களிலும் வயலோரத்துப் பள்ளங்களிலும் ஓடைகளிலுமே அவை வாழ்கின்றன. உன்னிச்சை, நவகிரி, வாகனேரி என நீர்ப்பாசனக் குளங்கள் நிறைந்த நாட்டில் இதனைக் காண்பதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. மூதுரையிலே ஔவையார் நெய்தலைக் கொட்டியோடும் ஆம்பலோடும் சேர்த்துக் குளத்திலே வைத்தமை தொடக்க வகுப்புப் பிள்ளையும் அறிந்தது. மனனம் செய்த பாட்டே விடையைத் தந்து நிற்கவும், பிள்ளை கடலைத் தேடிப் போவது யார் பிழை?

இனி அந்த ஊதாப்பூவின் வரலாற்றுக்கு வருவோம். 1986ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், சிங்களத்தில் நில் மானெல் எனப்படும் நீலப்பூ இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் வழங்கிய தாவரவியற் பெயர் நிம்பேயா ஸ்டெல்லாற்றா என்பது. 1893ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய ஹென்றி டிரைமன் என்பாரின் இலங்கைத் தாவர நூலும் அப்பெயரையே ஆண்டது. இதே பூவுக்கு 1768இல் இடப்பட்ட நிம்பேயா நௌச்சாலி என்னும் பெயர் காலத்தால் முந்தியதாதலின், தாவரவியலார் இப்பொழுது அதனையே வழங்குகின்றனர். மூத்த பெயர் நிற்க, இளைய பெயர் வழிவிடுதல் அவர்தம் மரபு.

தேசிய மலர் என்று அறிவித்ததும் மக்களுக்கு அதன்மேல் விருப்பம் பெருகிற்று. வீட்டு முற்றங்களிலும் விகாரைகளிலும் விடுதிகளிலும் தொட்டிகள் எழுந்தன. செடி விற்போரிடம் நீலப்பூக் கேட்டவர்க்குக் கண்ணைப் பறிக்கும் ஊதாப்பூ கிடைத்தது. நிறம் மிக்கது, இதழ் மிக்கது, பூப்பதும் மிக்கது. எனவே அதுவே தேசிய மலர் என்று வழங்கலாயிற்று. தேசிய மலரின் படமென அச்சிட்ட இடங்கள் பலவற்றிலும் அதுவே இடம் பெற்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியற் பேராசிரியை தீப்தி யக்கந்தாவலவும் அவரோடு ஆய்வு செய்தோரும் இலை, புறவிதழ், அகவிதழ், மகரந்தத்தாள் என உறுப்புறுப்பாக அளந்து ஒப்பிட்டு, அந்த ஊதாப்பூ நம் நாட்டு நீலமன்று, வேற்றுநாட்டுக் கலப்பின வழியில் வந்ததொன்று என்று கட்டுரைகள் வெளியிட்டனர்.

மேலைநாட்டார் நீர்ப்பூக்களைக் கலந்து புதியன ஆக்குவதில் வல்லவர். அமெரிக்காவில் மிசூரித் தாவரவியற் பூங்காவில் ஜோர்ஜ் பிறிங் என்பார் 1941ஆம் ஆண்டில் ஆக்கிய ஆழ்ந்த ஊதாப்பூவொன்று, அப்பூங்காவின் தலைவர் பெயரால் டைரக்டர் ஜோர்ஜ் ரி. மூர் என வழங்குகின்றது. அத்தகைய பூக்களின் அழகை நான் பழிக்கவில்லை. அவற்றை அவற்றின் பெயராலேயே அழைத்து வளர்ப்பார்க்கு வாழ்த்துக் கூறுவேன். ஆனால் அமெரிக்கப் பூங்காவிற் பிறந்ததொன்றைக் காட்டி, இதுவே சங்கப் புலவர் கண்ட நீலம் என்று பிள்ளைக்குச் சொல்லுதல் அழகைப் போற்றுதல் ஆகாது. நான் செய்தது அதுவே.

அவ்வாய்வைப் பற்றிப் படித்தறிந்த பின்னர், அப்பிள்ளையின் அம்மப்பாவைத் தேடிச் சென்றேன். நம் நாட்டிலே ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும் விழும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவோம். அவர் படுவான்கரையிற் பயிர்செய்து வாழ்ந்தவர். நான் வந்த காரணத்தைக் கூறிப் பிழைபொறுக்க வேண்டினேன். அவர் நகைத்து, “காலையில ஒருக்கா வாங்க, இரவில ஒருக்கா வாங்க, பூவே சொல்லும்” என்றார். அவர் கூறியவாறே இருபொழுதும் குளக்கரையில் நின்றேன். நாற்பதாண்டுகளாக நான் படித்தும் படிப்பித்தும் வந்த பூக்களை முதன்முறையாகக் கண்டேன்.

கண்டவற்றை முறையாகக் கூறுகின்றேன். ஆசிரியரும் மாணவரும் தாமே சென்று ஒத்துப்பார்க்கலாம்.

தாமரையை வேறுபிரிப்பது எளிது. அதன் முதிர்ந்த இலை நீரைவிட்டு மேலெழுந்து நிற்கும். வட்டமாய்ப் பிளவின்றி இருக்கும். காம்பு இலையின் நடுவிலே பொருந்தும். மேல் விழுந்த நீர் முத்தாக உருளும். ஆம்பலுக்கும் நீலத்துக்கும் இலை நீரின்மேற் படிந்து மிதக்கும். காம்பு பொருந்துமிடம் வரை ஒரு பிளவு ஓடும். தாமரையும் ஆம்பலும் நீரில் அயலவர் ஆயினும் உறவினர் அல்லர். இரண்டும் வெவ்வேறு குடும்பத்தன என்பது இன்று மரபணு ஆய்வினால் உறுதிப்பட்டது.

இனி ஆம்பலும் நீலமும். வெள்ளாம்பல், அஃதாவது அல்லி, மாலையில் மலரத் தொடங்கி இரவு முழுதும் விரிந்திருந்து மறுநாள் முற்பகலிற் குவியும். நிலவு கண்டு மலர்வது என்று புலவர் கூறியது கற்பனையன்று. அதன் இலையோரம் வாட்பல் போன்று கூர்மையாக வெட்டுண்டிருக்கும். இலையின் அடிப்புறத்தைத் தடவினால் மென்மயிர் கைக்குப் புலப்படும். நீலமோ காலையில் மலர்ந்து பிற்பகலிற் குவிவது. அதன் இலையோரம் அலையலையாக இருக்கும், அல்லது வெட்டின்றி ஒழுகும், அடிப்புறம் மழமழப்பானது. அகவிதழ்கள் ஒடுங்கிக் கூர்த்தவை. மிக நெருங்கி அடுக்கப்படாதவை. நிறம் மெல்லிய நீலம், அடிநோக்கி வெளிறும். சிலவிடங்களில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்புச் சாயலோடும் பூப்பதுண்டு. ஆதலின் நிறமொன்றையே நம்புதல் தகாது.

நிறத்தினும் நம்பத்தக்க அடையாளம் பூவின் நடுவில் உள்ளது. நீலத்தின் மகரந்தத்தாள்களை நோக்குக. மஞ்சள் நிறத்தனவாகிய அவற்றின் நுனியில், மகரந்தப் பைக்கு மேலே, நீலச்சாயல் பெற்ற சிறு நீட்சியொன்று இருக்கும். ஆம்பலுக்கு அந்நீட்சி இல்லை. இதனைக் காண்பதற்குக் கருவி வேண்டா; கூரிய கண்ணும் சிறிது பொறுமையும் போதும். கடைப்பூவை எடுத்துக்கொண்டால் ஆழ்ந்த ஊதா நிறமும் மிகுந்த இதழ்களும் ஐயத்தை எழுப்பவேண்டும். ஐயம் எழுந்தால் இலையையும் பூவையும் காயையும் குளத்துச் செடியோடு பக்கத்திற் பக்கமாக வைத்து ஒப்பிடுக. ஓர் உறுப்பைக் கொண்டு முடிவு கூறாதீர்.

உலகெங்கும் பூவளர்ப்போர் இத்தொழிலையே செய்கின்றனர். குளிர்நாடுகளில் ஐரிஸ் என்றொரு பூவினம் உண்டு. அதன் தாழ்ந்த இதழின் நடுவே தாடிபோல் மயிரொழுங்கு உள்ளன ஒருசார், தாடியற்றன ஒருசார். தாடியற்றவற்றுள் சைபீரிய ஐரிஸும் அதற்கு நெருங்கிய உறவாகிய செங்குருதிப் பெயருடைய கீழைநாட்டு ஐரிஸும் தோற்றத்தில் மிக ஒத்தவை. தோட்டங்களில் இவ்விரு பெயராலும் வளர்வன பல, உண்மையில் அவற்றின் கலப்புகளே. அதனால் அங்குள்ள பூவன்பர் நிறத்தை நோக்கி நின்றுவிடாது, பூத்தண்டு கிளைக்கின்றதா, இலைக்கு மேல் எவ்வளவு உயர்கின்றது, காயும் வித்தும் எவ்வாறுள்ளன என்று ஆராய்ந்த பின்னரே பெயரட்டை எழுதுகின்றனர். வீட்டுத் தோட்டத்துப் பூவுக்கு அவர் காட்டும் கவனத்தை, ஈராயிரம் ஆண்டாகப் பாடிவரும் பூவுக்கு நாம் காட்டலாகாதா?

பெயர் பிழைத்தால் பூவுக்கு என்ன இழப்பு என்று சிலர் கேட்பர். இழப்பு உண்டு. ஆற்றுவாழை என நாம் வழங்கும் தென்னமெரிக்க நீர்ச்செடி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஊதாப்பூவின் அழகுக்காகவே இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் நீர்நிலைகளை அது மூடத் தொடங்கியமையால், அதனை ஒழிப்பதற்கென்று 1909ஆம் ஆண்டில் 4ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றவேண்டியதாயிற்று. நூறாண்டு கடந்தும் நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் அதனை வாரிக் கரையேற்றுவோர் கை ஓயவில்லை. தொட்டியில் வளரும் பூ தொட்டியிலேயே நிற்கும் என்பது உறுதியன்று. மாரியில் வெள்ளம் வரும். மிகுந்த செடியைக் குளத்தில் எறிவார் உளர். கலப்பினம் குளத்தை அடையும். நீர்ப்பூக்கள் தம்முட் கலக்கும் இயல்புடையன. ஊதாப்பூவே நீலம் என்று நம்பி, நல்லெண்ணத்தோடு அதனைக் கோயிற் கேணியிலும் ஊர்க்குளத்திலும் நட்டால், உண்மை நீலத்தின் இடத்தை அது கவர்ந்துகொள்ளும். பிழையான பெயர் அங்ஙனம் பிழையான குளமாகிவிடும்.

ஆதலின் என் கருத்து இது. தமிழ் கற்பிக்கும் ஒவ்வொரு பாடசாலையிலும், இடமுள்ள ஒவ்வொரு தமிழாசிரியர் வீட்டு முற்றத்திலும், நம் நாட்டு நீலமும் வெள்ளாம்பலும் தனித்தனித் தொட்டியில் வளர்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவில்லை. இரண்டடி அகலமும் ஒன்றரையடி ஆழமும் உள்ள சீமெந்துத் தொட்டியோ பழைய தாழியோ போதும். வயற்களிமண்ணை அடியில் அரையடி அளவு இட்டு, அதன்மேல் மெல்லிதாக மணல் பரப்புக. எருவும் மக்கிய குப்பையும் இடலாகாது. நீர் அழுகிப் பாசி பிடிக்கும். கிழங்கை ஊன்றி முதலில் ஒரு சாண் நீர் விட்டு, இலை எழ எழ நீரை உயர்த்துக. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும். மரநிழலில் இலை தழைக்கும், பூ வாராது. வாவிக்கு அணித்தாகிய கிணறுகள் சில உவர்க்குமாதலின், அங்குள்ளோர் மாரிநீரைச் சேர்த்துவைத்துப் பயன்படுத்துக.

நுளம்பு பெருகுமென்று அஞ்சுவார் அச்சம் நியாயமானது. டெங்குக் காய்ச்சல் நம் மாவட்டத்தை வருத்துவது. தேங்கிய நீரை மூடாது வைத்தல் குற்றம். அதற்கு எளிய வழி, தொட்டியில் கப்பி முதலிய சிறுமீன்களை விடுதலே. நுளம்புப் புழுக்களை அவை உண்டுவிடும். மீன் இல்லாத தொட்டியை ஒருநாளும் வைத்திராதீர்.

செடிக்காகக் குளத்தைக் கிண்ட வேண்டா. பூ மூன்று நான்கு நாள் மலர்ந்து குவிந்தபின் காம்பு சுருண்டு காயை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். அக்காயைச் சிறு துணிப்பையாற் கட்டிவைத்தால், அது முதிர்ந்து வெடிக்கும்போது வித்துகள் பையிற் சேரும். கட்டாவிடின் அவை சிறிது நேரம் மிதந்து பின் அமிழ்ந்து மறையும். மலரும் முதனாளில் பூவின் நடுக்குழியில் ஒருவகை நீர் நிறைந்திருப்பதையும், அடுத்த நாட்களில் அது வற்றி மகரந்தம் வெளிப்படுவதையும் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதட்டும். எத்தனை மணிக்கு மலர்ந்தது, எத்தனை மணிக்குக் குவிந்தது என்று ஒரு கிழமை எழுதினால், ஆம்பலையும் நீலத்தையும் வாழ்நாளில் மயங்கார். தொட்டியருகே பெயரட்டை ஒன்றும் வேண்டும். எந்தக் குளத்து வித்து, எந்த ஆண்டு நட்டது என்பன அதில் இருக்கட்டும். கடையில் வாங்கிய கலப்பினமும் இருந்தால் அதற்கும் தனித் தொட்டியும் தனிப் பெயரட்டையும் இடுக. ஒப்பிடுவதற்கு அது உதவும்.

இதற்கு இருவகைத் தடை எழும் என்பதை அறிவேன். இலக்கியம் கற்பது சுவைக்காக. புலவன் தாவர நூல் எழுதவில்லை. மகரந்தத்தாளை எண்ணுவது விஞ்ஞான ஆசிரியர் வேலை என்பர் ஒருசாரார். சுவைக்காகவே கூறுகின்றேன். கண்ணுக்கு நீலம் உவமையாவது நிறத்தால் மட்டுமன்று. நீர்மேல் எழுந்து நின்று, காலையில் மெல்லத் திறந்து, பிற்பகலில் மெல்ல மூடும் பூவைக் கண்டவனுக்கே இமைதிறந்து மூடும் கண் அவ்வுவமையில் விளங்கும். செம்பில் வாடிக்கிடந்த வேற்றுப் பூவைக் காட்டியபோது அச்சுவையை நான் கொடுத்தேனல்லேன், கெடுத்தேன்.

நீலம், குவளை, நெய்தல் என்னும் பெயர்கள் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மயங்கி வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாவரத்தை வரையறுப்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. பின் நீர் எதனை நடச் சொல்கின்றீர் என்பர் மற்றொரு சாரார். இத்தடை வலியுடையது, உரையாசிரியர் காலத்திலேயே மயக்கம் உண்டு என்பதை ஒப்புகின்றேன். ஆனால் பெயர் மயங்கியமை பூவைக் காணாதிருத்தற்கு நியாயமாகாது, காண்பதற்கே காரணமாகும். இரண்டு பூக்களையும் முன்னே வைத்துக்கொண்டு, இப்பாட்டிற் கூறிய நேரமும் இடமும் மணமும் எதற்குப் பொருந்துகின்றன என்று வாதிடும் வகுப்பே தமிழ் வகுப்பு. வாதம் முடியாவிடினும் குற்றமில்லை.

இவ்வழியை நமக்குக் காட்டியவர் நம் மண்ணிலேயே பிறந்தவர். 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவர். பழந்தமிழர் யாழைப் பற்றி உரைகளிற் கண்டவற்றைத் திருப்பிக் கூறுதலோடு அவர் அமைந்தாரல்லர். நரம்பின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணக்கிட்டு, மறைந்துபோன கருவி எவ்வாறிருந்திருக்கும் என்று ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் யாழ் நூலைத் தந்தார். அவர் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. யாழோ உலகிலிருந்து மறைந்த பொருள். அதனை மீட்பதற்கு அவருக்குப் பல்லாண்டு பிடித்தது. நீலம் மறையவில்லை, விடியற்காலையில் குளக்கரைக்குச் சென்றால் போதும்.

அடிகள் பாடிய பாட்டொன்றில் இறைவன் விரும்பும் மலர்கள் மூன்று கூறப்படுகின்றன. உள்ளத்தைத் தாமரையாகவும், கூப்பிய கையைக் காந்தளாகவும், கண்ணை நெய்தலாகவும் உருவகித்தார். நம் பிள்ளைகள் அப்பாட்டை இனிமையாகப் பாடுகின்றனர், பரிசும் பெறுகின்றனர். மேல்நோக்கி ஒருங்கு கூடிய காந்தளின் இதழையும், நீர்மேல் விழித்த நெய்தலையும் கண்டு பாடுவார் எத்தனை பேர்? பாடுவோரைக் கேட்குமுன் பாடுவித்தோராகிய நாம் நம்மைக் கேட்டுக்கொள்வோம்.

ஔவையார் வாக்குக்கு மீள்வோம். குளம் வற்றியவுடன் பறந்துபோகும் பறவையை உறவல்லாதார்க்கும், குளத்தோடு கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தலை உறவினர்க்கும் அவர் உவமையாக்கினார். ஆண்டுதோறும் கோடையில் குளம் வற்றிச் சேறு வெடிக்கும்போது, இலையெல்லாம் கருகியபின்னும் ஆம்பலும் நெய்தலும் கிழங்காய் மண்ணுக்குள் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. மாரி பிறந்து நீர் வந்ததும் தளிர்க்கின்றன. இதனையும் அந்த முதியவரே ஒரு கோடையில் வெடித்த சேற்றை மண்வெட்டியால் அகழ்ந்து எனக்குக் காட்டினார். அரைநூற்றாண்டாக என் நாவில் இருந்த பாட்டின் பொருள் அன்றுதான் என் கையில் வந்தது.

அப்பிள்ளை இப்பொழுது தானும் ஆசிரியையாகப் பயிற்சி பெறுகின்றாள். சென்ற மாரியில் அவள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பழைய ஊதாப்பூத் தொட்டி நின்ற இடத்திலேயே நிற்கின்றது. அதன் பக்கத்தில் புதிய தொட்டியொன்றில், அம்மப்பாவின் குளத்து வித்தில் முளைத்த செடி வெளிறிய நீலப்பூ ஒன்றை ஏந்தி நின்றது. இரண்டிலும் பெயரட்டை இருந்தது. “இப்ப சரியா, ஐயா?” என்றாள். அட்டையைப் படியாமல் முதலிற் பூவைக் குனிந்து பார்த்தேன். மகரந்தத்தாளின் நுனியைப் பார்த்தேன். பின்னரே சரி என்றேன்.